மலை ஏறுனா யாருங்க காசு குடுப்பா?

கேள்வி: இங்கிலாந்துல வயசானவங்கள பாத்துக்குற ஒரு தொண்டு நிறுவனத்துல என் மக வேலை பாக்குறா. அதுக்கு நிதி சேர்க்க மூணு மலை ஏறப்போறாளாம். நிஜமாவே காசு வருமா? பயமாவும் இருக்கு.
– ஒரு வாசகி

பதில்: வரும்மா, நல்லாவே வரும். ஸ்காட்லாந்துல பென் நெவிஸ் 1,345 மீட்டர், இங்கிலாந்துல ஸ்காஃபெல் பைக் 978, வேல்ஸ்ல ஸ்னோடன் 1,085, இந்த மூணையும் வேன்ல மாறி மாறிப் போயி 24 மணி நேரத்துக்குள்ள ஏறி இறங்கணும், அதுக்கு ஃப்ரெண்ட்ஸ், கூட வேலை பாக்குறவங்கன்னு எல்லாரும் ஸ்பான்சர் பண்ணுவாங்க. அங்க வரி கட்டுறவங்க 1 பவுண்டு குடுக்கும்போது 'கிஃப்ட் எய்ட்' கட்டத்துல டிக் பண்ணிட்டா அரசாங்கத்துகிட்ட இன்னும் 25 பென்ஸ் அந்த நிறுவனம் வாங்கிக்கலாம், இத நிறைய பேர் மறந்துடுறாங்க, மகள்கிட்ட கண்டிப்பா ஞாபகப்படுத்துங்க. பயணச் செலவ அவங்கவங்க கைக்காசுல பாத்துக்கிட்டா திரட்டுன பணம் முழுசா பெரியவங்களுக்கே போகும், எனக்கு அதுதான் சரின்னு படுது.

உங்க பயமும் நியாயம்தாம்மா. பென் நெவிஸ் உச்சி பெரும்பாலும் மேகத்துக்குள்ளதான் இருக்கும், வடக்குப் பக்கம் செங்குத்துப் பள்ளம், அதனால மேப்பும் காம்பஸும் பாக்கத் தெரிஞ்சவங்க கூட இருக்கணும். கீழ வெயில் அடிச்சாலும் ரெயின்கோட், ஸ்வெட்டர், தொப்பி வேணும். முக்கியமா, மலை ஏறி அசந்து போனவங்க ராத்திரி வண்டி ஓட்டவே கூடாது, தனியா டிரைவர் இருக்காரான்னு இன்னைக்கே கேளுங்க.