விளம்பரம் ஓடத் தொடங்கும் முன்

கேள்வி: நுங்கம்பாக்கத்தில் ஆறு பேர் கொண்ட டிஜிட்டல் விளம்பர நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். தி.நகர் ஜவுளிக்கடை, பழைய மகாபலிபுரம் சாலையில் அடுக்குமாடி கட்டும் நிறுவனம், தாம்பரத்தில் ஒரு போட்டித்தேர்வுப் பயிற்சி மையம் என்று பலருக்குக் கூகுளிலும் ஃபேஸ்புக்கிலும் விளம்பரம் செய்கிறோம். ஒவ்வொரு கேம்பெயினையும் (ஒரு பட்ஜெட்டில் ஓடும் விளம்பரத் தொகுப்பு) தொடங்குவதற்கு முன் எக்செல் பட்டியலை வைத்து நான்தான் சரிபார்க்கிறேன். சென்ற மாதம், பயிற்சி மையத்துக்கு 5,000 ரூபாயாக இருக்க வேண்டிய நாள் பட்ஜெட் 50,000 என்று பதிவாகி, ஒரு சனிக்கிழமை முழுவதும் ஓடிவிட்டது. எல்லாச் சோதனைகளையும் தானியங்கியாக்கிவிட வேண்டும் என்கிறார் முதலாளி. எங்கிருந்து தொடங்குவது? அதன் பிறகு எனக்கு அங்கே என்ன வேலை இருக்கும்?
வாசகி, சென்னை-34

பதில்: ஒரு சுழியம் கூடிப்போனதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். அன்றைய நான்காவது கேம்பெயினின் எண்களைப் பார்க்கும் கண், திரையில் இருப்பதைப் படிக்காமல், இருக்க வேண்டியதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடும். 2018 டிசம்பரில் கூகுள் நிறுவனத்திலேயே, பயிற்சியின்போது தவறுதலாக வெளியான ஒரு வெற்று மஞ்சள் கட்டம், அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பல தளங்களில் ஏறத்தாழ 45 நிமிடங்கள் விளம்பரமாக ஓடியது. அதற்குரிய பணத்தைத் தளங்களுக்குக் கொடுத்துவிடுவதாக நிறுவனம் பிறகு அறிவித்தது. கருவியைச் செய்தவர்களுக்கே நேர்ந்தது உங்கள் அலுவலகத்தில் நேராதிருக்க, இன்னும் கவனமாக இருங்கள் என்ற அறிவுரை போதாது. ஆகவே உங்கள் முதலாளி கேட்பது நியாயம்தான். 'எல்லாவற்றையும்' என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒரு சோதனையைத் தானியங்கியாக்கலாமா என்று முடிவுசெய்ய நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அதற்குரிய சரியான விடை, கேம்பெயினுக்கு வெளியே, வேறொருவர் கையால், முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறதா? இந்தச் சோதனைகளைச் செய்ய எழுதும் சிறு நிரலான ஸ்கிரிப்டுக்குத் தெரிந்ததெல்லாம் ஒப்பிடுவது மட்டுமே. ஆடி மாதத்து ஜவுளிக்கடைக்கு 50,000 ரூபாய் பொருத்தமான நாள் பட்ஜெட்டாக இருக்கலாம், பயிற்சி மையத்துக்கு அதே தொகை பேரிழப்பு. எது யாருக்கு என்பதை, வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட தாளைப் பார்க்காமல் எந்த மென்பொருளாலும் சொல்ல இயலாது. எனவே ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவரைத் தேடுவதற்கு முன், ஒரு வரிக்கு ஒரு கேம்பெயின் என்று கூகுள் ஷீட்டில் ஓர் ஒப்புதல் தாளைத் தொடங்குங்கள். வாடிக்கையாளரிடம் பேசுபவர் அதை நிரப்பட்டும். கேம்பெயினை அமைப்பவருக்குத் தாளைப் பார்க்கும் அனுமதி போதும், திருத்தும் அனுமதி கூடாது. அமைத்தவரே தாளையும் நிரப்பினால், தவறாகப் பதிந்த எண்ணையே அங்கும் ஒட்டுவார். இரண்டும் பொருந்துகின்றன என்று ஸ்கிரிப்டும் பச்சை காட்டிவிடும்.

பட்ஜெட்டுக்கு நாள் தொகை, மொத்தத் தொகை, முடிவுத் தேதி ஆகிய மூன்றும் தாளில் இருக்க வேண்டும். கூகுளில் நாள் பட்ஜெட் என்பது சராசரிதான். பெரும்பாலான கேம்பெயின்களில் ஒரு குறிப்பிட்ட நாளில் அதன் இரு மடங்கு வரை செலவாகலாம். மாதக் கணக்கில் 30.4 மடங்கைத் தாண்டாது. அதாவது 50,000 என்று பதிந்த அந்த ஒரே சனிக்கிழமையில் 1,00,000 ரூபாய் வரை போயிருக்க இடம் உண்டு. மொத்தத் தொகையை நாள் தொகைக்குரிய கட்டத்தில் இட்டுவிடுவதும், முடிவுத் தேதியைக் காலியாக விடுவதும் இதே குடும்பத்துத் தவறுகள். ஒப்புதல் தாள் இருந்தால் மூன்றையும் ஸ்கிரிப்ட் நொடியில் பிடித்துவிடும்.

இருப்பிட அமைப்பிலும் இப்படித்தான். கூகுளில் 'சென்னை' என்று தேர்ந்தெடுத்தால், சென்னையில் இருப்பவர்களோடு சென்னை மீது ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்த்துக்கொள்வதே இயல்பான அமைப்பு. துபாயில் இருந்துகொண்டு சென்னையில் வீடு தேடுபவர் உங்கள் அடுக்குமாடி நிறுவனத்துக்கு நல்ல வாடிக்கையாளர். தாம்பரத்துப் பயிற்சி மையத்துக்கு அவருடைய கிளிக் வீண் செலவு.

லிங்க் சோதனையில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பக்கம் 200 (திறக்கிறது) என்ற குறியீட்டைத் திருப்பித் தந்தால் சரி, 404 (பக்கமே இல்லை) வந்தால் தவறு என்று அதோடு நிறுத்திக்கொள்வார்கள். 'சலுகை முடிந்துவிட்டது' என்று எழுதியிருக்கும் பக்கமும் 200 என்றுதான் சொல்லும். ஆகவே அந்தப் பக்கத்தில் இருந்தே தீர வேண்டிய ஒரு சொற்றொடரைத் தாளில் எழுதிவைத்து, பக்கத்துக்குள் அது இருக்கிறதா என்று ஸ்கிரிப்டைத் தேடச் சொல்லுங்கள்: ஜவுளிக்கடைக்குச் சலுகையின் பெயர், அடுக்குமாடிக்கு ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் தரும் பதிவு எண். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்ய வேண்டிய திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தவே கூடாது. விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால், இந்தச் சோதனையைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். எந்த விளம்பரத்திலிருந்து வந்தார்கள் என்று அறிய லிங்க்கின் இறுதியில் சேர்க்கும் யுடிஎம் குறிப்புகளில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும், தளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் வேறு வேறாகவே கணக்கிடும் என்பதால் அவற்றையும் தாளோடு ஒப்பிடச் செய்யுங்கள். விசாரணைப் படிவத்தை மட்டும் யாராவது ஒருவர் கைப்பேசியில் நிரப்பி அனுப்பி, அது வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது.

தமிழ் விளம்பர வாசகத்துக்கு வருவோம். கூகுள் தேடல் விளம்பரத்தில் ஒரு தலைப்புக்கு 30 எழுத்தும் ஒரு விவரணைக்கு 90 எழுத்தும் வரம்பு. 'ஆடித் தள்ளுபடி' என்பதை நாம் 8 எழுத்து என்று எண்ணுவோம்; யுனிகோடு முறையில் புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியே கணக்காவதால், இடைவெளியையும் சேர்த்துக் கணினிக்கு அது 14. நீளத்தை எண்ணும் வேலையைத் தயங்காமல் ஸ்கிரிப்டிடம் விட்டுவிடலாம். ஆனால் இடம் போதாதபோது அமைப்பவர் எந்தச் சொல்லை வெட்டினார் என்பதை மனிதக் கண்தான் பார்க்க வேண்டும். '50% வரை தள்ளுபடி' என்பதில் 'வரை' போய்விட்டால், கடைக்காரர் சொல்லாத ஒரு வாக்குறுதி விளம்பரமாகிவிடும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. கூகுளோ, ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவோ விளம்பரத்துக்கு ஒப்புதல் தந்துவிட்டதே என்று இதில் ஆறுதல் அடைய முடியாது. அந்த ஒப்புதல் அவர்களுடைய விதிகளை மட்டுமே பார்க்கிறது. கடையில் உண்மையில் எவ்வளவு தள்ளுபடி என்பது அதற்குத் தெரியாது.

செய்முறை அவ்வளவு கடினமில்லை. கூகுள் ஆட்ஸ் கணக்குக்குள்ளேயே ஜாவாஸ்கிரிப்டில் எழுதும் ஸ்கிரிப்ட் வசதி இருக்கிறது. அது கூகுள் ஷீட்டைப் படிக்கும், மணிக்கு ஒரு முறை தானாக ஓடும், எதையும் மாற்றாமல் முன்னோட்டமாகவும் ஓட்டிப் பார்க்கலாம். லிங்க் சோதிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றைக் கூகுளே ஆயத்தமாக வெளியிட்டிருக்கிறது. மெட்டா விளம்பரங்களுக்குத் தொடக்கத்தில் அவற்றை அமைக்கும் பக்கமான ஆட்ஸ் மேனேஜரிலிருந்து விவரங்களை எக்செல்லாக இறக்கி ஒப்பிட்டாலே போதும். எந்தத் தளமானாலும் கேம்பெயினை நிறுத்திவைத்த நிலையிலேயே உருவாக்குங்கள். எல்லாம் பொருந்திய பிறகு அதை இயக்குவது ஒரு மனிதரின் கையாகவே இருக்கட்டும். பட்ஜெட், தேதி, இருப்பிடம், லிங்க், பதிவு எண் ஆகியவற்றில் பிழை இருந்தால் கேம்பெயின் நகரவே கூடாது. மற்றவற்றுக்கு எச்சரிக்கை போதும், அதுவும் குறைவாக. நாளுக்கு முப்பது மின்னஞ்சல் வந்தால் ஒன்றையும் யாரும் திறக்க மாட்டார்கள். ஸ்கிரிப்ட் தயாரானதும், நிறுத்திவைத்த ஒரு கேம்பெயினில் நீங்களே தெரிந்து நான்கைந்து பிழைகளை நுழைத்து, அத்தனையையும் அது பிடிக்கிறதா என்று பாருங்கள். விதிகளை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

உங்கள் வேலையைப் பற்றிய அச்சம் எனக்குப் புரிகிறது. எண்களை ஒப்பிடும் வேலை உங்களைவிட்டுப் போகும், போகட்டும். வாசகத்தை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது, அது சொல்வதும் கடையில் கிடைப்பதும் ஒன்றுதானா என்று கேட்பது, ஒவ்வொரு தவறுக்குப் பிறகும் தாளில் எந்தக் கட்டத்தைச் சேர்ப்பது என்று முடிவெடுப்பது ஆகியவை அனுபவம் உள்ளவரிடமே இருக்கும். அந்தத் தாளின் பொறுப்பை உங்கள் பெயரில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றையும் முதலாளியிடம் இப்போதே பேசிவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கேம்பெயினில் இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில், "பட்ஜெட்டைக் கொஞ்சம் ஏத்திடுங்க" என்று வரும் ஒரு வரி, தொடங்கும் முன் செய்த சோதனைகள் அத்தனையையும் தாண்டிப் போய்விடும். அப்படி வரும் திருத்தமும் முதலில் தாளில் ஏற வேண்டும், தாளோடு பொருந்தாத கேம்பெயினை மணிக்கு ஒரு முறை ஓடும் ஸ்கிரிப்ட் நிறுத்திவைக்க வேண்டும், விதிவிலக்கு அளிப்பவர் தம் பெயரையும் காரணத்தையும் தாளிலேயே எழுத வேண்டும். இதற்கு அவருடைய ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு ஸ்கிரிப்ட் எழுத ஆள் பாருங்கள்.