38 வயதில் தூரம் (மாதவிடாய்) நின்றுவிட்டது. ஹார்மோன் மாத்திரை ஆரம்பிக்கலாமா?

கேள்வி: "வயசு 38. ரெண்டு பிள்ளைங்க. ஊர் பாளையங்கோட்டை. எட்டு மாசமா தூரம் வரல. ராத்திரி திடீர்னு நெஞ்சுல இருந்து மூஞ்சி வரைக்கும் ஒரே அவிச்சல், நைட்டி நனைஞ்சு போவுது, தூக்கம் கிடையாது. எஃப்.எஸ்.எச். ஒரு மாச இடைவெளில ரெண்டு தடவ பாத்தாச்சு: 58, 64. டாக்டரம்மா ஈஸ்ட்ரடையால் மாத்திரையும் புரோஜெஸ்ட்ரோனும் எழுதியிருக்காவ. அத்தை, 'அது வேண்டாம், புத்துநோய் வந்துரும், உளுந்தங்களி தின்னா சரியாப் போவும்'னு சொல்லுதாவ. ஆரம்பிக்கவா, வேண்டாமா?"

ஆரம்பியுங்கள். கீழே சொல்லப்போகும் தடைகளில் எதுவும் உங்களுக்கு இல்லையென்றால், தள்ளிப்போடவும் வேண்டாம்.

50 வயதில் தூரம் நிற்பதும் 38-ல் நிற்பதும் ஒன்றல்ல. 50-ல் நின்றவர், அவிச்சலைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் மாத்திரை இல்லாமலே இருந்துவிடலாம். உங்கள் விஷயம் வேறு. அவிச்சலே இல்லாவிட்டாலும் உங்களுக்கு மருந்து தேவை. சூலகம் (ஓவரி) இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் சுரந்திருக்க வேண்டிய ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இப்போதே வற்றிவிட்டது. எலும்பு, இதயக் குழாய், சிறுநீர்ப் பாதை எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. டாக்டரம்மா எழுதியிருப்பது உடம்பில் இல்லாததைத் திரும்பக் கொடுக்கும் மருந்து, கூடுதலாக எதையும் ஏற்றுவதில்லை. ஆகவே இதை 50, 51 வயது வரைக்கும் எடுக்க வேண்டியிருக்கும். "மூணு மாசம் சாப்பிட்டு நிறுத்திக்கலாம்" என்ற கணக்கில் ஆரம்பித்தால் பாதியில்தான் நிற்பீர்கள்.

உங்கள் ரிப்போர்ட்டைப் பற்றி. எஃப்.எஸ்.எச். என்பது சூலகத்தை வேலை வாங்க மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன், சூலகம் ஓய்ந்தால் அது ஏறும். 40 வயதுக்குள் நான்கு மாதத்துக்கு மேல் தூரம் வராமலோ தாறுமாறாக வந்தோ, எஃப்.எஸ்.எச். 25-க்கு மேல் இருந்தால், அது சூலகம் முன்கூட்டியே ஓய்ந்ததற்கான அடையாளம். இரண்டு தடவையும் 50-க்கு மேல் என்பதால் உங்களுக்குச் சந்தேகத்துக்கு இடமில்லை, ஒன்றைத் தவிர: ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய சில வாரங்களில் கருத்தடை மாத்திரையோ வேறு ஹார்மோனோ சாப்பிட்டிருந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. அப்படி இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். கர்ப்பப் பரிசோதனையும் ஒரு தடவை செய்துவிடுங்கள். எட்டு மாதம் வராதவருக்கு எதற்கு என்று சிரிக்க வேண்டாம். இப்படி ஓய்ந்த சூலகம் எப்போதாவது விழித்து ஒரு முட்டையை விடும். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேர் அப்படி இயல்பாகவே கருத்தரித்திருக்கிறார்கள். இந்த மாத்திரை கருத்தடை மாத்திரையும் அல்ல. மூன்றாவது பிள்ளை வேண்டாம் என்றால் அதற்குத் தனியாக வழி செய்துகொள்ள வேண்டும். இந்த வயதில் குரோமோசோம் பரிசோதனையும் எஃப்.எம்.ஆர்.1 என்ற மரபணுச் சோதனையும் சொல்வார்கள். செலவு என்று தட்டிவிடாதீர்கள், அதன் முடிவு உங்கள் தங்கைக்கும் மகளுக்கும்கூடப் பயன்படும்.

அத்தையின் பயம் சும்மா வந்ததில்லை. 2002-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். அதில் மருந்து சாப்பிட்டவர்களின் சராசரி வயது 63. சினையான குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனையும், மெட்ராக்ஸி புரோஜெஸ்ட்ரோன் என்ற செயற்கைச் சரக்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வருஷத்துக்கு 10,000 பேரில் 30 பேருக்கு வரும் மார்பகப் புற்று 38 பேருக்கு வந்தது. பேப்பரில் தலைப்பாக வந்தது அதுதான், இன்றுவரை ஊரில் சுற்றுவதும் அதுதான். 63 வயதில் இல்லாத ஹார்மோனைப் புதிதாக ஏற்றுவதும், 38-ல் இருந்திருக்க வேண்டியதைத் திரும்ப வைப்பதும் வேறுவேறு கணக்கு. இயல்பான வயது வரைக்கும் எடுப்பதால், மாதாமாதம் தூரம் வரும் உங்கள் வயதுக்காரியைவிட உங்களுக்குப் புற்று அபாயம் கூடுவதில்லை என்பதுதான் மகப்பேறு மருத்துவர்கள் இன்று பின்பற்றும் நிலைப்பாடு.

நிஜமான தடைகள் இவை: மார்பகப் புற்று வந்தவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், கல்லீரல் நோய் முற்றியவர்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ மார்பகப் புற்று என்றால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை, முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆரம்பிக்கும் முன் பார்க்க வேண்டியவை: பி.பி., எடை, சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனை, மார்பகப் பரிசோதனை, கர்ப்பப்பை உள்சுவரின் தடிமன் தெரிய ஒரு வயிற்று ஸ்கேன், வைட்டமின் டி, எலும்பின் அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன். டெக்ஸா எல்லா ஸ்கேன் சென்டரிலும் இருக்காது, போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மெடிக்கல் வாசலில் மேஜை போட்டு, குதிகாலை மிஷினில் வைக்கச் சொல்லும் இலவச முகாம் டெக்ஸாவுக்கு மாற்று ஆகாது. இடுப்பும் முதுகெலும்பும் பார்த்த அறிக்கைதான் வேண்டும். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் (உங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரி) காட்டுவதானால் பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே ஃபைலில் வைத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு டாக்டர் பார்க்க நேரலாம். அப்போது உங்களுக்காகப் பேசுவது அந்த ஃபைல்தான்.

இனி மருந்து. ஈஸ்ட்ரடையால் என்பது ஈஸ்ட்ரோஜன்தான், மாத்திரையாக இந்த வயதுக்கு வழக்கமாகத் தினம் 2 மி.கி. வயிறு புரட்டாமல் இருக்க முதல் சில வாரம் 1 மி.கி.யில் தொடங்குவதும் உண்டு. 1 மி.கி.யிலேயே ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் அவிச்சல் அடங்கும், ஆனால் 38 வயது எலும்புக்கு அது பெரும்பாலும் போதாது. அதனால் அளவை எப்போது கூட்டுவார்கள் என்று கேளுங்கள். ஈஸ்ட்ரோஜனுக்கு ஒருநாள்கூட இடைவெளி கிடையாது. அதோடு புரோஜெஸ்ட்ரோன் 200 மி.கி., மாதத்தில் 12 முதல் 14 நாள், இரவு படுக்கப் போகும்போது. இது தூக்கத்தை இழுக்கும், சிலருக்குத் தலை சுற்றும். காலையில் போட்டுவிட்டு ஸ்கூட்டி எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். தேதி மறக்காமலிருக்க இங்கிலீஷ் மாதம் 1 முதல் 14 வரை என்று வைத்துக்கொள்வது சுலபம். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் தூரம் மாதிரி ரத்தம் வரும். நோய் திரும்பிவிட்டது என்று பதறாதீர்கள், மருந்து வேலை செய்கிறது.

கர்ப்பப்பை உள்ளவர் புரோஜெஸ்ட்ரோனை விட்டுவிட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாப்பிடவே கூடாது. உள்சுவர் தடித்துக்கொண்டே போய், நாளடைவில் அங்கே புற்று வரைக்கும் கொண்டுபோய் விடும். இதற்கு நேர்மாறான தப்புதான் நம் பக்கம் அதிகம்: தூரம் வரவில்லை என்றவுடன் மெடிக்கலில் ஐந்து நாள் மாத்திரை வாங்கிப் போட்டு "வரவழைப்பது". அதில் இருப்பது புரோஜெஸ்ட்ரோன் வகை மட்டும். ரத்தம் வந்தால் மனசுக்கு நிம்மதி, எலும்புக்கு ஒன்றுமில்லை. மாதாமாதம் தூரம் வரவைப்பது இந்த மருத்துவத்தின் நோக்கமே அல்ல. கர்ப்பப்பை எடுத்தவர்களுக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். சூலகம் இரண்டையும் சேர்த்து எடுத்திருந்தால், அது புற்றுக்காக இல்லாதபட்சத்தில், நாள் கடத்தாமல் ஆரம்பிக்க வேண்டும்.

எடை கூடியவர்கள், பி.பி., சர்க்கரை உள்ளவர்கள், ஒற்றைத் தலைவலிக்காரர்கள் மாத்திரைக்குப் பதில் தோலில் தடவும் ஈஸ்ட்ரடையால் ஜெல் கேளுங்கள். மாத்திரை கல்லீரல் வழியாகப் போவதால் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும். தோல் வழியாகப் போவதில் அந்தத் தொல்லை தென்படவில்லை. 0.06 சதவீத ஜெல்லில் 1.25 கிராமுக்கு 0.75 மி.கி. ஈஸ்ட்ரடையால் இருக்கும். உங்கள் வயதுக்குத் தினம் 2.5 கிராமில் தொடங்கி, தேவைப்பட்டால் கூட்டுவார்கள். ஜெல் பலிக்காமல் போவது பெரும்பாலும் தடவும் முறையால்தான். குளித்து, நன்றாகத் துடைத்து, ஈரம் போன பிறகு கையின் வெளிப்புறத்திலோ தொடையிலோ அகலமாக, மெல்லிசாகத் தடவுங்கள். தைலம் மாதிரி தேய்த்து ஏற்ற வேண்டாம். மார்பில் தடவக் கூடாது. ஐந்து நிமிஷம் காயவிட்டு, கையை சோப்பால் கழுவி, அப்புறம் துணி உடுத்துங்கள். ஒரு மணி நேரத்துக்கு அந்த இடம் நனையக் கூடாது, கைப்பிள்ளை அதில் ஒட்டவும் கூடாது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் சீயக்காய் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போன பிறகுதான் ஜெல். குற்றாலத்துக்குப் போகிற நாளில் அருவியில் குளித்துத் திரும்பிய பிறகு தடவிக்கொள்ளலாம். அக்னி நட்சத்திர வெயிலில் தடவியவுடன் வியர்த்து வழிந்தால் மருந்தும் வழிந்துவிடும், ஃபேனடியில் உட்கார்ந்து தடவுங்கள். ஜெல்லில் ஆல்கஹால் உண்டு, காயும் வரை அடுப்புப் பக்கமும் விளக்கேற்றவும் போக வேண்டாம்.

மெடிக்கலில் ஒரு குழப்பம் வரும். புரோஜெஸ்ட்ரோனும், அதே வகையைச் சேர்ந்த டைட்ரோஜெஸ்ட்ரோனும் கர்ப்பம் தங்குவதற்கும் கொடுக்கும் மருந்துகள். அட்டையைப் பார்த்து "விசேஷமா?" என்று கேட்பார்கள், வீட்டிலும் கேட்பார்கள். அசட்டையாக விட்டுவிடுங்கள். ஆனால் "இது இல்ல, அதே மாதிரி வேற தாரேன்" என்றால் அட்டையில் மருந்தின் பெயரும் மி.கி.யும் ஒன்றுதானா என்று பார்த்தே வாங்குங்கள். புரோஜெஸ்ட்ரோன் வரும் மெத்தென்ற காப்ஸ்யூலின் கூடு ஜெலட்டினால் ஆனது, அது பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. சுத்த சைவக் குடும்பமோ ஹலால் பார்ப்பவரோ என்றால், சாதாரண மாத்திரையாக வரும் டைட்ரோஜெஸ்ட்ரோன் 10 மி.கி. முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். சில கம்பெனிக் காப்ஸ்யூலில் கடலை எண்ணெய் இருக்கும். கடலை ஒவ்வாதவர்கள் கவனிக்கவும்.

தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஆரம்பித்த இரண்டு மூன்று மாதத்தில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும், தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்ட நேரலாம். வலிப்புக்கும் டி.பி.க்கும் உள்ள சில மருந்துகள் ஈஸ்ட்ரோஜனைச் சீக்கிரம் கரைத்துவிடும். அந்தச் சீட்டையும் காட்டுங்கள்.

அவிச்சல் மூன்று நான்கு வாரத்தில் தணியத் தொடங்கும், முழுப் பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். பத்தாம் நாள் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். முதல் சில வாரம் மார்பு கனத்து வலிக்கலாம், குமட்டலாம், இடையில் ரத்தம் தெறிக்கலாம். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குமட்டல் குறையும். ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. ஆறு மாதத்துக்குப் பிறகும் நினைத்த நேரத்தில் ரத்தம் வந்தால் ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும். கீழே வறட்சியும் தாம்பத்தியத்தில் எரிச்சலும் மாத்திரையால் மட்டும் தீராவிட்டால் ஈஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் உண்டு: இரண்டு மூன்று வாரம் தினம் இரவு அரை கிராம் உள்ளே வைத்து, பிறகு வாரம் இரண்டு தடவை. அடிக்கடி வரும் நீர்க்கடுப்பும் இதில் குறையும். சொல்லக் கூச்சப்பட்டுப் பலர் இதை வாங்காமலே கஷ்டப்படுகிறார்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சு வலித்து மூச்சு வாங்கினால், வாய் குழறினால், பார்வை திடீரென மங்கினால், கண் மஞ்சளாகினால் மருந்தை நிறுத்திவிட்டு நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

உளுந்தங்களியை விட வேண்டாம். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் போட்ட களி நல்ல சாப்பாடுதான், ஆனால் அது ஈஸ்ட்ரோஜன் ஆகாது. எலும்புக்குத் தினம் 1,000 மி.கி. சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதற்கு உளுந்தைவிடக் கேப்பை (கேழ்வரகு) மேல், 100 கிராமில் சுமார் 350 மி.கி. இருக்கும். பால், தயிர், முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் கணக்கில் சேரும். பீடி சுற்றுகிறவர்கள், நாள் முழுக்க நிழலில் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்கள் வைட்டமின் டி-யைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கோயில் கொடை விழா வருகிறது, அந்த வாரம் ரத்தம் வரக்கூடாது என்றால் தனியாகத் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். இருக்கும் புரோஜெஸ்ட்ரோனையே டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சில நாள் நீட்டினால் ரத்தமும் அத்தனை நாள் தள்ளிப்போகும். ஈஸ்ட்ரோஜன் அது பாட்டுக்குத் தொடரட்டும்.

மூன்று மாதம் கழித்துக் காட்டப் போகும்போது எந்தத் தேதியில் ரத்தம், எத்தனை நாள், ராத்திரி எத்தனை தடவை அவிச்சல் என்று கேட்பார்கள். தினம் கிழிக்கும் காலண்டரில் குறித்தால் தாளோடு குப்பைக்குப் போய்விடும். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே ரத்தத்துக்கு ஒரு புள்ளி, அவிச்சலுக்கு ஒரு கோடு போட்டு வாருங்கள். போகும்போது அந்தத் தாள்களை போனில் படம் எடுத்துக்கொண்டால் போதும்.