வாய் திறக்காத பிள்ளைகள்: வகுப்பறை பற்றிக் கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி பக்கத்து ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன். கடலூர் மாவட்டத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்தப் பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பண்ருட்டி பக்கம், மூன்றாம் வகுப்பு ஆசிரியை: டீச்சர், என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை பேசுவதே இல்லை. கரும்பலகைக்குக் கூப்பிட்டால் கையைப் பின்னால் மறைத்துக்கொள்கிறாள். நான் என்ன செய்ய?

கையை மறைக்கிறாள் என்பதைக் கவனித்துவிட்டீர்கள், அங்கேயே பாதி வழி வந்துவிட்டீர்கள். உங்கள் பக்கம் பல வீடுகளில் முந்திரி உடைப்பார்கள். ஓட்டில் இருக்கும் பால் பட்டால் விரல் கறுத்துப்போகும், தோல் உரியும். எவ்வளவு சோப்பு போட்டாலும் உடனே போகாது. பக்கத்துப் பிள்ளை ஒரு தடவை "அழுக்குக் கை" என்று சொல்லியிருந்தால் போதும், இவள் வாயையும் மூடிக்கொள்வாள். அதுதான் காரணமா என்று தனியாக, மதிய உணவு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வகுப்பு நடுவில் வேண்டாம்.

அப்புறம் ஒருநாள் கணக்குப் பாடத்துக்கு முந்திரியையே எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பருப்புக்கு ஒரு விலை, உடைந்த பருப்புக்கு ஒரு விலை. ஒரு கிலோவில் இவ்வளவு உடைந்தால் எவ்வளவு நஷ்டம்? அவள் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், பொதுவாகக் கேளுங்கள். வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரிந்த தொழில் அது. யார் யாரோ பேசுவார்கள், அவளும் ஒருநாள் பேசுவாள். அம்மாவிடமும் பக்குவமாகச் சொல்லிவையுங்கள், அந்தப் பால் குழந்தைகளின் தோலைப் பொத்துவிடும் என்று. குற்றம் சொல்லுகிற குரலில் சொன்னால் அந்த அம்மா அடுத்த தடவை பள்ளிக்கூட வாசலுக்கே வரமாட்டார்.

கடலூர், உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்: வகுப்பில் ஐம்பது பேருக்கு மேல். மகிழ்ச்சியான வகுப்பறை எல்லாம் சரி, போர்ஷனை எப்போது முடிப்பது?

பாட்டும் ஆட்டமும் வைத்தால்தான் மகிழ்ச்சி என்று நினைத்துக் கேட்கிறீர்கள். நான் சொல்வது வேறு. தப்பாகப் பதில் சொன்னாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று பிள்ளைக்கு நம்பிக்கை வந்துவிட்டால் அதுவே மகிழ்ச்சியான வகுப்பு. அதற்குப் போர்ஷன் நேரம் கெடாது.

ஒன்று மட்டும் செய்து பாருங்கள். கேள்வி கேட்டதும் மனதுக்குள் மூன்று எண்ணுங்கள், பிறகு பெயரைச் சொல்லுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாத பிள்ளைகள் குறைந்தார்கள், மெதுவாகப் படிப்பவர்கள் என்று ஒதுக்கிவைத்தவர்களும் பேசினார்கள். நம் வகுப்புகளில் முன்வரிசைப் பையன் அந்த ஒரு நொடிக்குள் கத்திவிடுகிறான், மற்றவர்கள் யோசிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். முதல் சில நாள் அந்த அமைதி உங்களுக்கே சங்கடமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோனாங்குப்பம் பக்கம், தொடக்கப் பள்ளி ஆசிரியை: பள்ளி திறந்த முதல் வாரம் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் சோர்ந்துபோய் வருகிறார்கள்.

காரணம் நாள்காட்டியிலேயே இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பள்ளி திறக்கும் நேரம் விசைப்படகு வீடுகளில் கையில் காசு இருக்காது. அந்த வாரம் "லீவுக்கு எங்கே போனீங்க?" என்று கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். பை இல்லை, செருப்பு இல்லை என்று யாரையும் எழுப்பி நிறுத்தவும் வேண்டாம். காற்றைப் பற்றிக் கேளுங்கள். வாடை எந்தப் பக்கமிருந்து வரும், கச்சான் காற்று வீசினால் கடல் எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைகள் சொல்லட்டும், நீங்கள் திசைகளைப் பலகையில் வரையுங்கள்.

வில்லியனூர், அரசுப் பள்ளி ஆசிரியர்: புதுச்சேரியில் சி.பி.எஸ்.இ.க்கு மாறிய பிறகு, தமிழில் கலகலவென்று பேசிய பிள்ளைகள் ஆங்கில வகுப்பில் ஊமையாகிவிட்டார்கள்.

இரண்டிரண்டு பேராக ஒரு நிமிஷம் தமிழில் பேசவிடுங்கள், அப்புறம் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். என்ன சொல்வது என்பது முதலில் கையில் இருக்க வேண்டும், இல்லையா? தப்பு வந்தால் நடுவில் வெட்டாதீர்கள். பையன் "ஹி கோ டு பீச்" என்கிறானா? "ஓ, ஹி கோஸ் டு த பீச்? வித் ஹூம்?" என்று பேச்சுவாக்கில் சரியான வாக்கியத்தை அவன் காதில் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். திருத்தியது மாதிரியே தெரியாது.

தேவனாம்பட்டினம், ஒரு அம்மா: ஐந்தாவது படிக்கிற என் மகன் காலையில் வயிற்று வலி என்று அழுகிறான். சார் அடிக்கிறாராம். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்கிறார் மாமியார்.

பிள்ளை சொல்வதை நம்புங்கள் அம்மா. வயிற்று வலிக்கு ஒரு தடவை டாக்டரிடமும் காட்டிவிடுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. திட்டி அவமானப்படுத்துவதும் அதில் அடக்கம். முதலில் தலைமையாசிரியரைப் பாருங்கள், என்ன நடந்தது, எந்தத் தேதி என்று எழுதிக் கொடுங்கள். பலன் இல்லையென்றால் பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மாமியாரிடம் சண்டை வேண்டாம். அடிக்குப் பயந்து மனப்பாடம் செய்யலாம், புரியாததைக் கேட்க மட்டும் முடியாது என்று சொல்லுங்கள். பேரன்மேல் அவருக்கும் பாசம்தானே.

சிதம்பரம், ஏழாம் வகுப்பு ஆசிரியை: என் வகுப்பில் ஒரு பையன், வாயால் சொன்னால் எல்லாம் தெரிகிறது, எழுதினால் எழுத்தெல்லாம் மாறுகிறது. சோம்பேறியா?

சோம்பேறி என்று சொல்லாதீர்கள், அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். கற்றல் குறைபாடாக இருக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அதையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடம் காட்டுங்கள். அதுவரை அவன் வாயால் சொல்லும் பதிலுக்கு மதிப்பெண் போடுங்கள்.

நெய்வேலி, இரண்டாம் வகுப்பு ஆசிரியை: சுவரில் ஸ்டார் சார்ட் ஒட்டலாமா?

வேண்டாம். ஒரு மாதத்தில் அதே நாலு பெயருக்குப் பக்கத்தில்தான் ஸ்டார் நிறைந்திருக்கும். அந்த இடத்தில் வேலைப் பட்டியல் ஒட்டுங்கள்: செடிக்குத் தண்ணீர், நோட்டு எடுத்துக் கொடுப்பது, வராதவர்கள் யார் என்று பார்த்துச் சொல்வது. வாரம் மாற்றி எல்லாருக்கும். கடைசி வேலையை யாரிடமும் பேசாத பிள்ளைக்கு முதலில் கொடுங்கள்.