கோதுமை வயலில் கூஸ் வாத்துகள்: போக்கிடம் ஒதுக்கிவிட்டு விரட்டுங்கள்

கேள்வி: ஏரியை ஒட்டிய நிலத்தில் குளிர்காலக் கோதுமை போட்டிருக்கிறேன். காட்டுக் கூஸ் வாத்துகள் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகின்றன. கேஸில் வெடிக்கும் சத்தக் கருவி வைத்தேன். முதலில் மிரண்டன, இப்போது அதன் பக்கத்திலேயே மேய்கின்றன. என்ன செய்வது?

பதில்: கருவியில் கோளாறு இல்லை. ஒரே இடத்தில், ஒரே இடைவெளியில் வெடித்தால், சத்தத்தோடு ஆபத்து எதுவும் வருவதில்லை என்பது அவற்றுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், விரட்டினால் அவை எங்கே போகும் என்பது. கூஸ் வாத்தால் புல்லை முழுதாகச் செரிக்க முடியாது; தின்றது ஓரிரு மணி நேரத்தில் எச்சமாகிவிடும். அதனால் பகலின் பெரும்பகுதி மேய்ந்தே ஆக வேண்டும். ஓயாமல் துரத்தினால், பறந்து செலவான தெம்பை ஈடுகட்ட இன்னும் அதிகம் தின்னும், உங்கள் வயலிலோ பக்கத்து வயலிலோ.

ஆகவே முதலில் ஒரு புல்வெளியை அவற்றுக்கென்று ஒதுக்குங்கள். இரவில் தங்கும் நீர்நிலைக்கு அருகில், நாற்புறமும் கண்ணுக்கெட்டும் திறந்த வெளியாக இருக்கட்டும். மறைப்பு இருந்தால் இறங்கத் தயங்கும். கூட்டம் வருவதற்கு முன்பே புல்லைக் குட்டையாக வெட்டி, சற்றே தழைச்சத்து இட்டால் இளந்தளிரைத் தேடி வரும். அங்கே நாய், வண்டி, துப்பாக்கி எதுவும் கூடாது. துண்டு துண்டாக விடாமல், பக்கத்து விவசாயிகளும் சேர்ந்து ஒரே பெரிய பரப்பாக விட்டால்தான் பலன் தெரியும். அறுத்த வயலை உடனே உழாமல் விட்டால் சிந்திய தானியம் கொஞ்ச நாளாவது அவற்றைப் பிடித்து வைக்கும்.

பிறகு கோதுமையில் விரட்டுங்கள். முதல் சில பறவைகள் இறங்கும் அன்றே தொடங்குவது முக்கியம். மேய்ந்து பழகிய கூட்டத்தைக் கிளப்புவது பெரும்பாடு. கருவியை 2-3 நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றி, இடைவெளியையும் மாற்றுங்கள். நடுநடுவே ஆள் நடந்துபோய்க் கிளப்ப வேண்டும். பொம்மையும் கொடியும் தனியாக நெடுநாள் எடுபடா.

எல்லா மேய்ச்சலும் ஒரே அளவு நஷ்டம் தராது. தூர் கட்டும் (அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விடும்) பருவத்தில் இலை நுனி போனால் பயிர் பெரும்பாலும் தேறிவிடும். வசந்தத்தில் தண்டு நீளத் தொடங்கியபின் குருத்து மேலே வந்துவிடுவதால், அப்போது கடிபட்டால் விளைச்சல் குறையும். ஆள்பலத்தை அந்த வாரங்களுக்கு மிச்சம் வையுங்கள். ஈர மண்ணில் கூட்டம் மிதித்துச் சேறாக்குவதையும் குறைத்து எண்ண வேண்டாம்.

கோடையிலும் அங்கேயே தங்கும் கூட்டமென்றால், இறகு உதிர்க்கும் 3-4 வாரம் பறக்க முடியாமல் கரையேறி நடந்தே வரும். கரைக்கும் பயிருக்கும் இடையே, அடியில் குஞ்சு நுழையாத கம்பிவலை போதும். கூட்டம் பெருகாமல் இருக்க முட்டையில் கை வைப்பதற்குப் பல நாடுகளில் அனுமதி தேவை, கேட்காமல் தொடாதீர்கள்.

நஷ்டஈடு கேட்கும் எண்ணம் இருந்தால், இப்போதே பயிரில் சில இடங்களில் 1 மீட்டர் சதுரக் கம்பிக்கூண்டு வைத்து, அறுவடையில் உள்ளே விளைந்ததையும் வெளியே அதே அளவு இடத்தில் விளைந்ததையும் எடை போட்டுக் குறித்து வையுங்கள்.