பேஸ் வாசிக்கும்போது ஊசி தாவுகிறதா?

வணக்கம் நண்பரே. பேஸ் கிட்டார் தொடங்கியதும் டர்ன்டேபிளில் (இசைத்தட்டு சுழலும் கருவி) உறுமல், ஸ்க்ராட்ச் பண்ணினால் (தட்டை முன்னும் பின்னும் கையால் தள்ளி ஒலி எழுப்பினால்) ஊசி தாவுகிறது என்று கேட்டிருந்தீர்கள். ஊசியை மாற்றிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். பேஸின் தடித்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வு தரை, மேசை வழியாக ஊசிக்கு ஏறி, ஸ்பீக்கரில் பெருகி, மறுபடி ஊசிக்கே வருகிறது. பேஸை டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலைப் பதிவுக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) வழியே நேராக இன்டர்ஃபேஸில் (ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் கருவி) கொடுத்து, ஹெட்ஃபோனில் கேட்டபடி பதியுங்கள், உறுமல் அடங்கிவிடும்.

பிறகும் தாவினால், உங்கள் ஷூர் எம்44-7 கார்ட்ரிட்ஜுக்கு (ஊசி பொருந்தும் தலை) ஊசி அழுத்தம் 3 கிராம் வரை ஏற்றலாம், ஆன்டி-ஸ்கேட் (ஊசிக் கை உள்பக்கம் இழுபடுவதை ஈடுசெய்யும் அமைப்பு) 0. கார்ட்ரிட்ஜ் மேலே எடைக்காக நாணயம் ஒட்டாதீர்கள், இசைத்தட்டுதான் தேயும்.

மிக்ஸில் ஸ்க்ராட்ச் டிராக்கை 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். எலக்ட்ரோ ஃபங்கில் அந்த இடம் 808 டிரம் மெஷினின் கிக்குக்கும் பேஸுக்குமே சொந்தம்.