ரெனே: ஆண் பெயரா, பெண் பெயரா?

பாரிஸில் பிறந்த மகளுக்கு 'ரெனே' என்று வைக்க ஆசை, ஆனால் உறவினர் அது ஆண் பெயர் என்கிறார்கள், பிறப்புச் சான்றிதழில் அக்சன் (எழுத்தின் மேல் போடும் சாய்கோடு) எங்கே வரும் என்று கேட்டிருந்தீர்கள்.

இரு பாலுக்கும் உண்டு. உச்சரிப்பு ஒன்றே, எழுத்தில்தான் வேறுபாடு. ஆணுக்கு நான்கு எழுத்து (René), பெண்ணுக்குக் கடைசியில் இன்னொரு 'e' சேர்ந்து ஐந்து (Renée). இரண்டிலும் அக்சன் நான்காவது எழுத்தின் மேல்தான். பலர் பெண் பெயரில் அதை ஐந்தாவதின் மேல் போட்டுவிடுகிறார்கள், அது தவறு.

மூலம் லத்தீன் 'ரெனாட்டுஸ்', 'மீண்டும் பிறந்தவர்'. ஞானஸ்நானத்தை மறுபிறப்பாகக் கண்ட ஆதிக் கிறிஸ்தவர்களின் பெயர். பிரான்சின் ஆன்ஜே நகரில் ஒரு கதை உண்டு: இறந்த குழந்தையை மோரில் என்ற பிஷப் ஏழு ஆண்டு கழித்து உயிர்ப்பித்தாராம், அதனால் அந்தப் பெயராம். புராணம்தான், ஆனால் அந்த வட்டாரத்தில் பெயர் வேரூன்ற அது உதவியது. 'நல்ல அரசர்' ரெனே (1409–1480) அந்த வட்டாரத்தை ஆண்ட ஆன்ஜூ வம்சத்தவர். தத்துவஞானி தெக்கார்த்தும் ரெனேதான். உறவினருக்குக் காட்ட ஒரு பெண் வேண்டுமா? பிரெஞ்சு மன்னர் பன்னிரண்டாம் லூயியின் மகள் ரெனே (பிறப்பு 1510), இத்தாலியின் ஃபெராரா கோமகள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: இன்று பிரான்சில் இது பாட்டி காலத்துப் பெயராகவே ஒலிக்கும்.

பிறந்த நாளைச் சேர்க்காமல் 5 நாளுக்குள் நகராட்சியில் பதிய வேண்டும். பெயரைப் பெரிய எழுத்தில், அக்சனோடு தாளில் எழுதிக் கொடுங்கள். பதிவேட்டில் கையெழுத்திடும் முன் நான்காவது எழுத்தைப் பாருங்கள். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் அக்சன் வராது, அது பிழையல்ல. விமான டிக்கெட்டிலும் அக்சன் இல்லாமலே போடுங்கள்.