மூன்று வருடம் கழித்து ஏறிய ஒன்பது கிலோ

கேள்வி: எனக்கு 44 வயது. மூன்று வருடம் முன்பு பைபாஸ் முறையில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். 118 கிலோவிலிருந்து 74 வரை இறங்கினேன். இப்போது 83. சாப்பாட்டின் அளவு இன்றும் குறைவுதான். மதியம் பெரும்பாலும் ரொட்டியும் பழச்சாறும். மாலை ஆனால் கை நடுங்குகிறது, வியர்க்கிறது. பிஸ்கட் சாப்பிட்டால்தான் நிற்கிறது. அப்புறம் இரவு வரை ஏதாவது கொறித்துக்கொண்டே இருக்கிறேன். எட்டு மாதமாகச் சத்து மாத்திரைகளையும் விட்டுவிட்டேன். வயிறு மறுபடி விரிந்துவிட்டது, ஐந்து நாள் திரவ உணவில் இருந்தால் சுருங்கிவிடும் என்று ஒருவர் பவுடர் டப்பா விற்கிறார். வாங்கலாமா? பழைய ஒழுங்குக்கு எப்படித் திரும்புவது?

பதில்: வாங்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் அந்த டப்பாவை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஐந்து நாள் திரவம் குடித்து இரைப்பையைச் சுருக்க முடியாது. அது வெறும் நம்பிக்கை. ஆனாலும் ஏன் இத்தனை பேர் நம்புகிறார்கள் என்றால், ஐந்தாம் நாள் எடைக்கருவியில் இரண்டு கிலோ குறைந்திருக்கும். நம் கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து இருப்பு அரைக் கிலோ அளவுக்கு இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சாப்பாட்டைக் குறைத்தால் இந்த இருப்பு கரையும், தண்ணீரும் வெளியேறும். ஆறாம் நாள் சாப்பிட ஆரம்பித்ததும் இரண்டும் திரும்பி வந்துவிடும். விற்றவர் அப்போது, "நீங்கள் கட்டுப்பாடாக இல்லை, இன்னொரு ஐந்து நாள் இருங்கள்" என்பார். அடுத்த டப்பா விற்பனையாகிவிட்டது.

என்னிடமே ஒருவர் வந்து, நான் அனுப்பும் ஒவ்வொரு ஆளுக்கும் கமிஷன் தருவதாகப் பேசினார். வெளியே போகச் சொன்னேன். ஆனால் அவர் அடுத்த கதவைத் தட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியும். இவர்களில் சிலர் தாங்களே அறுவை செய்துகொண்டவர்கள், அதனால்தான் அவர்கள் பேச்சு சட்டென்று மனதில் இறங்குகிறது. ஒருவர் உங்களுக்கு ஆலோசனை சொன்ன அதே வாயால் பொருளையும் விற்றால், அந்த ஆலோசனையைப் பாதியாகக் குறைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

புரதப் பவுடரே தப்பு என்று நான் சொல்லவில்லை. புரதம் போதாதவர்களுக்கு அது நல்ல துணை. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஒரு வேளைக்கு எத்தனை கிராம் பவுடர், அதில் எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை என்று போட்டிருக்கும். முப்பது கிராம் பவுடரில் இருபதுக்கு மேல் புரதம் இருந்தால் சரி. எட்டோ பத்தோ தான் என்றால் மிச்சம் மாவும் இனிப்பும்தான். கொலாஜன் என்று எழுதியிருந்தால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அதில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலமே கிடையாது, முழுமையான புரதம் ஆகாது.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். வயிறு விரிந்துவிட்டதா? பைபாஸில் முட்டை அளவுக்குச் சிறு பை ஒன்றை அமைத்து, அதை நேரே சிறுகுடலோடு இணைக்கிறார்கள். காலப்போக்கில் அந்தப் பை ஓரளவு பெரிதாவது எல்லோருக்கும் நடப்பது. அறுவை முடிந்த முதல் மாதத்தில் இரண்டு கரண்டி உள்ளே போனது, இன்று ஒரு சிறு கிண்ணம் போகிறது என்றால் அது நோயல்ல. இப்படி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: வேகவைத்த கோழியோ மீனோ கெட்டியான பருப்போ, பக்கத்தில் தண்ணீர் இல்லாமல், மென்று சாப்பிட்டால் சிறு தட்டில் வயிறு நிறைந்துவிடுகிறதா? பெரும்பாலானவர்கள் "ஆமாம், அதெல்லாம் கொஞ்சம்தான் இறங்கும்" என்பார்கள். அப்படியானால் பை அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அதை ஏமாற்றிக்கொண்டு உள்ளே போவது வேறொரு சாப்பாடு. கெட்டி உணவையும் தட்டு நிறையச் சாப்பிட முடிகிறது, புதிதாக நெஞ்செரிச்சலும் வருகிறது என்றால் மட்டும் அறுவை மருத்துவரிடம் சொல்லி எண்டோஸ்கோப்பி பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த ஏமாற்றும் சாப்பாடு எது? பிஸ்கட், சிப்ஸ், ஐஸ்கிரீம், சாக்லேட், பழச்சாறு. வாயிலேயே கரைந்து, பையில் தங்காமல் வழுக்கிக்கொண்டு குடலுக்குப் போய்விடும். வயிறு நிறைந்த உணர்வே வராது, அதனால் கை நிற்காது. நான்கு பிஸ்கட்டை ஒரேயடியாகச் சாப்பிட்டிருந்தால் நினைவிருக்கும். மாலை ஐந்திலிருந்து பத்து வரை ஒன்றொன்றாகப் போனது நினைவில் நிற்காது. "நான் ஒன்றும் சாப்பிடுவதில்லையே, எடை எப்படி ஏறுகிறது" என்று கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. சாப்பாடு குறைவுதான், கொறிப்பதுதான் கணக்கில் வருவதில்லை.

இந்த ஒன்பது கிலோவால் எல்லாம் போச்சு என்றும் நினைக்காதீர்கள். இழந்த 44 கிலோவில் 35 இன்னும் திரும்பி வரவில்லை. அது உங்கள் பழைய எடையில் ஏறக்குறைய 30 சதவீதம். சுவீடனில் 1987-ல் தொடங்கி, நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அதில் பைபாஸ் செய்தவர்கள் முதல் ஒன்றிரண்டு வருடத்தில் சராசரியாக 32 சதவீதம் இறங்கினார்கள். பத்தாம் வருடம் 25 சதவீதத்தில் நின்றார்கள். கொஞ்சம் திரும்புவது இந்தச் சிகிச்சையின் இயல்பு. இதை அறுவைக்கு முன்னாலேயே உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் பாதிப் பேர் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளாமல் நேரத்தோடு வருவார்கள்.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம். நீங்கள் மாலை நடுக்கத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் இந்தக் கடிதத்திலேயே முக்கியமான வரி.

எல்லோருக்கும் நான் சொல்வது, வேளைக்கு வேளை நடுவே எதுவும் சாப்பிடாதீர்கள் என்பதுதான். உங்களுக்கு அந்த விதி பொருந்தாமல் போகலாம். பைபாஸ் ஆனவர்களுக்கு ரொட்டியும் பழச்சாறும் மடமடவென்று குடலுக்கு இறங்கும். இரத்தச் சர்க்கரை சட்டென ஏறும். குடல் ஹார்மோன்கள் பதறிப்போய் இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கும். சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரை தரைமட்டத்துக்கு விழும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் மங்கல், குழப்பம் எல்லாம் அப்போது வரும். பிஸ்கட் போட்டால் சர்க்கரை ஏறும், நடுக்கம் நிற்கும். அந்த ஏற்றத்துக்குப் பின்னால் மறுபடி ஒரு இறக்கம், மறுபடி பிஸ்கட். பெரும்பாலும் அறுவை முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகுதான் இது தலைகாட்டும். உங்களுக்கு மூன்று வருடம் ஆகியிருப்பதும் அதோடு ஒத்துப்போகிறது. சாப்பிட்ட அரை மணிக்குள்ளேயே வயிற்றைப் பிசைந்து, நெஞ்சு படபடத்து, பேதியாகும் டம்பிங் வேறு. இது தாமதமாக வருவது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, "டம்பிங்தானே, இனிப்பைக் குறையுங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

ஆகவே இதை மன உறுதி இல்லாத குணம் என்று உங்களையே திட்டிக்கொள்வதை இன்றோடு நிறுத்துங்கள். வீட்டில் வைத்துப் பார்க்கும் சர்க்கரைக் கருவி ஒன்று வேண்டும். அடுத்த முறை நடுக்கம் வரும்போது, பிஸ்கட்டைத் தொடும் முன் விரலில் குத்திப் பாருங்கள். அந்த எண்ணையும், மணியையும், கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரம் போதும். எண் 70-க்குக் கீழே இருந்தால் உங்கள் சந்தேகம் சரி. 54-க்குக் கீழே போனாலோ, பேச்சு குழறினாலோ, மயங்கினாலோ வாரம் முடியக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். அதுவரை வண்டி ஓட்டாதீர்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ இன்னும் எடுத்துக்கொண்டிருந்தால், எண் இறங்குவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அதையும் சொல்லுங்கள். இறங்கிய நேரத்தில் 15 கிராம் குளுக்கோஸ் எடுங்கள், தம்ளர் நிறையப் பழச்சாறு வேண்டாம். கால் மணி கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். சர்க்கரை ஏறியதும் ஒரு முட்டையோ ஒரு துண்டு பாலாடைக்கட்டியோ சாப்பிட்டால் அது மறுபடி விழாமல் பிடித்துக்கொள்ளும்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இதைக் கண்டுபிடிக்கிறேன் என்று வெறும் வயிற்றில் சர்க்கரைக் கரைசலைக் குடிக்க வைத்துச் செய்யும் சோதனையை யாராவது எழுதிக் கொடுத்தால், "நான் பைபாஸ் செய்தவள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தக் கரைசலே உங்களுக்கு டம்பிங்கைக் கிளப்பிவிடும். சீட்டில் அறுவை பற்றி எழுதியிருந்தும் யாரும் படிப்பதில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு மேசையிலும்.

நடுக்கம் இதனால்தான் என்று தெரிந்தால் சாப்பாடு இப்படி மாறும்: மூன்று முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, சிறிய அளவில், ஒவ்வொரு முறையும் புரதத்தோடு. மாவுச்சத்தை ஒரு வேளைக்கு 30 கிராம் சுமாருக்குள் நிறுத்த வேண்டும், அதாவது ஏறத்தாழ இரண்டு துண்டு ரொட்டி. பழத்தை முழுதாகச் சாப்பிடலாம், சாறாகக் கூடாது. இதில் அடங்கவில்லை என்றால் மாவுச்சத்து உடைவதைத் தாமதப்படுத்தும் அகார்போஸ் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அவை மருத்துவர் கையில்.

நடுக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் திரும்ப வேண்டிய பாதை பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம். காலையில் இரண்டு முட்டை என்றால் 12 கிராம். மதியம் வேகவைத்த கோழி 80 கிராம் என்றால் இன்னொரு 24. மாலையில் ஒரு கிண்ணம் இனிப்பில்லாத தயிரும் ஒரு கைப்பிடிக் கொட்டைகளும் சேர்ந்து 13. இரவு ஒரு துண்டு மீனில் இருபது. ஏறக்குறைய எழுபதை எட்டிவிட்டீர்கள். அசைவம் வேண்டாதவர்கள் பருப்பு, டோஃபு, பால், பாலாடைக்கட்டி என்று சேர்க்கலாம். தட்டில் முதலில் புரதம், அடுத்து காய்கறி, இடமிருந்தால் மாவுப் பொருள். அரை மணி நேரம் உட்கார்ந்து மென்று சாப்பிடுங்கள். சாப்பிடும்போதும் அடுத்த அரை மணிக்கும் தண்ணீர் வேண்டாம், மற்ற நேரத்தில் ஒன்றரை லிட்டராவது குடியுங்கள். எல்லாவற்றையும் திங்கட்கிழமை காலையில் ஒன்றாகத் தொடங்காதீர்கள். முதல் வாரம் மதிய ரொட்டியையும் சாறையும் மட்டும் மாற்றுங்கள். என் அனுபவத்தில் மதியம் திருந்தினால் மாலை பாதி தானாகத் திருந்தும்.

மாத்திரை விஷயத்தில் நான் கொஞ்சம் கோபமாகவே இருக்கிறேன், உங்கள் மேல் அல்ல. அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஆறு வாரத்துக்கு உணவுப் பட்டியல் கொடுக்கிறார்கள். நீங்கள் வாழப்போவதோ இன்னும் நாற்பது வருடம். முதல் வருடம் நான்கு முறை கூப்பிட்டுப் பார்ப்பார்கள், மூன்றாம் வருடம் நீங்களே போன் செய்தாலும் எடுக்க ஆள் இருக்காது. எடை திரும்புகிற நேரத்தில்தான் கவனிப்பு நின்று போகிறது. இப்படி ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு நோயாளி ஒழுங்கில்லை என்று குறை சொல்வது அநியாயம்.

மாத்திரையை விட்டும் உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றலாம். பி12 கல்லீரலில் வருடக்கணக்கில் இருப்பு இருக்கும். அதனால் குறைபாடு வெளியே தெரிய நாளாகும். கால் மரத்துப்போய்த் தெரியும்போது நரம்பில் சேதம் ஆகிவிட்டிருக்கலாம், சிலருக்கு அது முழுதாகத் திரும்புவதில்லை. பல்சத்து மாத்திரை, பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுள் முழுக்க வேண்டும். கால்சியம் சிட்ரேட் வகையாக இருக்கட்டும், அமிலம் குறைந்த உங்கள் பைக்கு அதுதான் தோதானது. இரும்பும் கால்சியமும் ஒன்றாக விழுங்கினால் ஒன்றையொன்று தடுக்கும். நடுவில் இரண்டு மணி நேரம் விடுங்கள். மிட்டாய் போல மெல்லும் வைட்டமின்களில் பெரும்பாலும் இரும்பே இருக்காது. தோலில் ஒட்டும் பட்டைகளும் வேண்டாம். விட்டு எட்டு மாதம் ஆனதால், மறுபடி தொடங்கும்போதே இரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள்: இரத்த அணுக்கள், ஃபெரிட்டின், பி12, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன். இந்த வரியை அப்படியே வெட்டி எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். அதன் பிறகு வருடம் ஒருமுறை.

பவுடர்காரர் மறுபடி வந்து, திரவ உணவின்போது வாந்தி வந்தால் பயப்படாதீர்கள், கழிவு வெளியேறுகிறது என்று சொன்னால், தயவுசெய்து நம்பாதீர்கள். எதுவுமே தங்காமல் தொடர்ந்து வாந்தி எடுத்தால் உடம்பிலுள்ள தயமின், அதாவது பி1, இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துபோகும், மூளையே பாதிக்கப்படலாம். இரண்டு நாளுக்கு மேல் வாந்தி நிற்கவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போங்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் போடச் சொல்லிக் கேளுங்கள்.